காஞ்சியின் கரையோரம் ஒரு நாள்

மேடையிலிருந்து ஓர் ஊரைக் கண்டவன் அவ்வூரைக் கண்டவனாகான். பிறர்க்கு உபதேசமாக நாம் இதை எழுதவில்லை. நம்முடைய குறையாகவே ஒப்புக்கொள்கிறோம். காஞ்சீபுரத்திற்கு நாம் எத்தனை தடவை சென்றிருக்கிறோம் என்பதற்குக் கணக்கில்லை. கட்சிக்காரரின் வழக்குக்காகச் சென்றதுண்டு. பொதுக் கூட்டங்களில் பேசச் சென்றதுண்டு. உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்குப் பட்டெடுக்கப் பெண்டிரோடு காரில் சென்றதுமுண்டு. ஒவ்வொரு தடவையும் ஊர் எல்லையில் எதிர்கொண்ட அன்பர்கள் திரும்பவும் ஊர் எல்லையில் கொண்டுவந்து விடும்வரை நம்மைவிட்டு அகன்றதில்லை. ஊரைப்பற்றி நாம் பேசியது அதிகம்; ஊர் நம்மிடம் பேசுவதற்கு ஒரு நாழிகையேனும் இடங் கொடுத்ததில்லை.

இக்குறையைப் போக்கிக்கொள்ள எண்ணிச் சமீபத்தில் ஒரு நாள் ஒருவருக்கும் அறிவிக்காமல், தனியே, விடியற்காலை ரயிலில் காஞ்சிக்குப் புறப்பட்டோம். நமக்கு நாமே விதித்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு. காலை முதல் மாலை வரை கால்நடையாகவே செல்வது ஒன்று. நீர் உள்ள இடங்களையும், நீர் இருந்த இடங்களையும் மட்டுமே தேடிச் செல்வது மற்றொன்று. இதைப் பின்னர் கேள்வியுற்ற நண்பர் ஒருவர் நகைத்தார். “கரையோர நகரம் காண வேண்டுமானால் வெனிஸுக்குப் போக வேண்டும், அது முடியாவிட்டால் புதுச்சேரிக்கேனும் போக வேண்டும். காஞ்சியில் ஏது கரை?” என்றார். நண்பர் கூறிய இவ்வார்த்தையே இக்கட்டுரைக்குக் காரணம்.

காஞ்சியில் கரை உண்டா? 640-ஆம் ஆண்டை ஒட்டி இந்நாட்டிற்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கைக் கேட்போம். நகரத்தின் சுற்றளவு 30 லீ என்று அவர் குறித்தார். சிங்களத்திற்குச் செல்வோர்க்குக் காஞ்சியே கடல்துறை என்றும், அங்கிருந்து மூன்று நாள் கடற்பயணம் என்றும் அவருடைய சரிதத்தை எழுதிய சீடர் கூறுகிறார். கடலோ காஞ்சிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மாமல்லபுரத்துத் துறைமுகத்தையே தலைநகரின் பெயரால் அவர்கள் வழங்கினர் என்று ஆராய்ச்சியாளர் பலர் சமாதானம் கூறுவர். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும் அவனுடைய நாட்டுக் கடற்றுறையாகிய நீர்ப்பெயற்று வருணிக்கப்படுகிறது. ஆகவே அக்காலத்து உலகம் காஞ்சியைக் கண்டது நீரின் வழியாக என்பதில் ஐயமில்லை. இக்காலத்து நாமோ பட்டுக் கடையின் வாயில் வழியாகக் காண்கிறோம்.

ரயிலடியிலிருந்து முதலில் ஏகாம்பரநாதர் சந்நிதிக்குச் சென்றோம். இத்தலத்தின் வரலாற்றைச் சிறு பிள்ளையும் அறியும். அம்மை கம்பையாற்றின் கரையில் மணலால் லிங்கம் அமைத்துப் பூசித்தாள். வெள்ளம் பெருகி வந்தது. அது கரைந்துவிடாதபடி மார்போடு தழுவிக் காத்தாள் என்பது புராணம். கதையை நம்புவோர் நம்புக, நம்பாதோர் விடுக. நாம் அதில் கண்ட பொருள் வேறு. இவ்வூரின் முதற் கதையே ஆற்றங்கரையில் தொடங்குகிறது. இன்று கம்பை என்னும் பெயர் இருக்கிறது. பெருகி வந்த ஆறு கண்ணுக்குப் புலப்படவில்லை.

அங்கிருந்து மேற்கே சர்வ தீர்த்தக் குளத்தின் படிகளில் சிறிது நேரம் அமர்ந்தோம். பின்னர்க் கைலாசநாதர் கோயிலை அடைந்தோம். ராஜசிம்ம பல்லவன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த கோயில் இது. அதே நூற்றாண்டில் காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டு வியந்து, அதைக் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததாகக் கன்னடச் சாசனம் ஒன்று இங்கேயே பொறித்து வைத்திருக்கிறான். பகைவனாக வந்தவன் இந்நகரின் பொருளைத் தொடக் கூசினான். நகரத்துக்கு உடையவர்களாகிய நாம் அவ்வாறு கூசினோமா? இக்கேள்வி அன்று முழுதும் நம்முடன் நடந்து வந்தது.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குள் புகுந்ததும் தறியின் ஓசை கேட்டது. நம் கையில் பையும் தோளில் துண்டுமாகத் தனியே நடப்பதைக் கண்ட முதிய நெசவாளர் ஒருவர், “எந்தக் கடைக்கு வழி வேணும் ஐயா?” என்று கேட்டார். “கடைக்கு அல்ல, பெரியவரே, ஆற்றைப் பார்க்க வந்தோம்” என்றோம். அவர் சிரித்துவிட்டார். “ஆற்றைப் பார்க்க இவ்வளவு தூரம் வரணுமா? பெருமழை பெய்தால் அதுவே எங்களைப் பார்க்க வீட்டுக்கு வந்துவிடுமே!” என்றார். பிறகு உள்ளே அழைத்துத் தம்முடைய குழித்தறியைக் காட்டினார்.

நேயர்களில் பலர் பட்டுச் சேலையைக் கண்டிருப்பீர்கள். குழித்தறியைக் கண்டவர்கள் சிலரே. நெய்பவர் தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி மிதியை மிதித்துக்கொண்டு நெய்கிறார். உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு மற்றொரு நிறமுமாய் அமைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா எறிய மற்றோர் ஆள் வேண்டும். முன்காலத்தில் அவ்வேலையைச் செய்தவர்கள் வீட்டுச் சிறுவர். சிறுவர் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். அது நியாயமே, அதை மாற்றச் சொல்பவன் தேசத் துரோகி. ஆனால் அச்சிறுவனுடைய இடத்தில் கூலி கொடுத்து ஓர் ஆளை அமர்த்தும்படியான வருமானம் நெசவாளருக்குக் கிட்டவில்லை. ஆகவே கோர்வை அறிந்த கைகள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன என்று பெரியவர் வருத்தத்தோடு கூறினார்.

மழையைப் பற்றிக் கேட்டோம். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறுகிறது. தெருவில் பாவு நீட்ட முடிவதில்லை. சாயமிட்ட நூல் உலர்வதில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறும் வேகவதியும் பெருக்கெடுத்தபோது கரையோரத்து வீடுகளில் வெள்ளம் புகுந்தது. ஆறு வற்றினால் சாயத்துக்கு நீர் இல்லை. ஆறு பெருகினால் தறிக்கு இடம் இல்லை. பாலாற்று நீரில் தோய்த்த பட்டுக்குத் தனி மெருகு உண்டென்பது காஞ்சி நெசவாளரின் பரம்பரை நம்பிக்கை. நீரும் தறியும் இவ்வூரில் ஒரே குடும்பம் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

பெரியவரிடம் விடைபெற்று வேகவதிக் கரைக்குச் சென்றோம். அந்தோ! பெயர் வேகவதி, அதன் பொருள் விரைந்து செல்பவள் என்பது. நாம் கண்ட இடத்தில் நீர் நகரவே இல்லை. ஊர்ச் சாக்கடையும், குப்பையும், ஆகாயத் தாமரையும், சீமைக் கருவேலமும் அடைத்துக்கொண்டிருந்தன. மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு ஆற்றைக் கடந்து திருப்பருத்திக்குன்றம் சென்றோம். ஜின காஞ்சி என்று புகழ்பெற்ற இத்தலத்துச் சமணர் கோயிலின் மண்டபத்தை விஜயநகர மந்திரி இருகப்பர் கட்டுவித்தார். அதன் விதானத்து ஓவியங்களைக் கண்டு மகிழாதார் இலர். ஊரின் பெயரிலேயே பருத்தி இருப்பதையும் நேயர்கள் கவனிக்க. சைவர், வைணவர், சமணர், பௌத்தர் என்னும் நால்வகையாரும் வாழ்ந்து வாதம் புரிந்து வளர்த்த நகரம் காஞ்சி. நாலந்தாவின் தலைமையை வகித்த தர்மபாலர் பிறந்த ஊர் இதுவே. மணிமேகலைக் காப்பியத்தில் பசியால் வாடிய இந்நகருக்கு வந்த மணிமேகலை அன்னமிட்டாள் என்று மட்டுமே பலர் சொல்வர். அவள் வந்த ஊரில் பொய்கையும் பொழிலும் அமைக்கப்பட்டதையும் காப்பியம் சொல்கிறது. சோற்றோடு நீரையும் எண்ணியவர்கள் நம் முன்னோர்.

வேகவதிக்கு வைணவர் கூறும் வரலாறு மேலும் சுவையானது. பிரமன் செய்த வேள்வியை அழிக்கச் சரசுவதி ஆறாகப் பெருகி வந்தாளாம். திருமால் அவ்வாற்றின் குறுக்கே அணையாகப் படுத்துத் தடுத்தாராம். அத்திருக்கோலத்தையே திருவெஃகாவில் யதோக்தகாரி சந்நிதியில் சேவிக்கிறோம். கடவுளே அணையாகக் கிடந்த ஆறு உலகில் வேறெங்கேனும் உண்டோ? அவ்வளவு வேகத்தோடு வந்த ஆற்றை ஆண்டவனும் நிரந்தரமாக நிறுத்தவில்லை, நாம் நிறுத்தினோம்.

உச்சி வெயிலில் சின்னக் காஞ்சிக்கு வந்து வரதராஜர் கோயிலின் அனந்த சரசைக் கண்டோம். 40 ஆண்டுகளுக்கு ஒரு முறை அத்திவரதர் இக்குளத்தின் நீரிலிருந்து வெளியே எழுந்தருள்வார். 1979-இல் எழுந்தருளினார், பின்னர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் சேவை சாதித்தார். ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் வந்ததாகக் கணக்கிட்டனர். அதற்காகக் குளத்து நீரை இறைத்தார்கள்; குளத்தைத் துப்புரவு செய்தார்கள்; சாலைகள் போட்டார்கள்; அதிகாரிகள் இரவு பகல் உறங்காது உழைத்தார்கள். அவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஒரு குளத்தைச் சுத்தம் செய்யும் சக்தியும் பணமும் மனமும் நம்மிடம் உண்டென்பது அன்று ருசுவாயிற்று. ஒரு கோடிப் பேர் வந்து சேவித்த கோயிலுக்குச் சிறிது தூரத்திலேயே வேகவதி அழுகிக் கிடந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இக்குளக்கரைகளில் மற்றொரு வரலாறும் உண்டு. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை அழித்தார்கள். சில மைல் தூரத்தில் காஞ்சியில் தங்கியிருந்த ஜெனரல் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஏகாதிபத்தியத்தின் அவமானத்தை விழுங்கிய நீர் இவ்வூர் நீர்! அரசியல் ஊழியர்களுக்கு இக்கதை தெரிந்திருக்க வேண்டாமா? 1925 நவம்பரில் திரு.வி.க. தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு காஞ்சியில் கூடியதையும், அங்கிருந்து பெரியார் வெளியேறியதையும் எல்லோரும் அறிவர். அண்ணாதுரை 1909-இல் இவ்வூர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்ததையும் அறிவர். மேடையின் சரித்திரம் நமக்கு மனப்பாடம். மேடைக்குப் பின்னால் ஓடிய ஆற்றின் சரித்திரத்தை ஒருவரும் கேட்பதில்லை.

இனி விஷயத்திற்கு வருவோம். நாம் சட்டத் தொழில் செய்பவர்கள். ஆகவே சட்டத்தின் நிலையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பாலாற்றைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்னும் விதியை நம் தேசத்துச் சட்டத்தில் உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. அதே பாலாற்றைக் குறித்து 2025 ஜனவரியில் அக்கோர்ட்டு மறுபடியும் உத்தரவுகள் பிறப்பிக்க நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே ஆறு அதே கோர்ட்டின் வாசலில் நின்றதென்றால், குறை சட்டத்தில் இல்லை. சட்டத்தைக் கேட்டு வாங்கும் ஜனங்களிடத்தில் இருக்கிறது என்பதே நமது துணிபு.

மற்றொரு விஷயம். வேகவதிக் கரையில் குடியிருப்போரை ஊருக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்புவது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆற்றுக்கு அதன் இடம் வேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபம் இல்லை. வெள்ளக் காலத்தில் அந்த ஏழைகளின் உயிருக்கே அது நல்லது. ஆனால் குடிசையை மாத்திரம் ஆக்கிரமிப்பு என்று அழைப்பது எந்த நியாயம்? ஏழை தன் கூரையை ஆற்றில் வைத்தான். வசதியுள்ளவன் தன் சாக்கடையை ஆற்றில் விட்டான். முன்னவனுக்கு நோட்டீஸு வருகிறது, பின்னவனுக்கு வருவதில்லை. இருவரில் ஆற்றை அதிகம் கெடுத்தவன் யார்? மேலும், நெசவாளனை மூன்றாம் மாடிக்கு அனுப்பினால் அங்கே தறிக்குழியை எங்கே தோண்டுவான்? வீட்டைக் கொடுத்துத் தொழிலைப் பிடுங்கும் கருணை கருணையாகாது.

இறந்த ஆறு உயிர்பெறுமா என்று ஐயுறுவோர் உண்டு. கொரியா தேசத்து ஸியோல் நகரின் நடுவே சியாங்ககேசியான் என்னும் ஓடை இருந்தது. அழுக்கு மிகுந்ததென்று அதை மூடி, அதன்மேல் பெருஞ்சாலை எழுப்பினார்கள். 2003-இல் அச்சாலையை இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரத்திற்கு ஓடையைத் திரும்பத் திறந்தார்கள். பெரிய ஆற்றிலிருந்து நீரை இறைத்துவிட்டே அதை ஓடச் செய்கிறார்கள் என்பது உண்மை. அங்கே கடை வைத்துப் பிழைத்தவர்கள் பலர் கஷ்டப்பட்டதும் உண்மை. குறைகளை விலக்கி நிறையைக் கொள்வோம். சாலைக்கு அடியில் புதைந்த ஓடையே வெளிவருமானால், திறந்தவெளியில் கிடக்கும் வேகவதி மீள்வதற்கு என்ன தடை?

செய்ய வேண்டுபவை நான்கு என்று நமக்குத் தோன்றுகிறது. 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட காஞ்சி, அப்பெயருக்குத் தக்கபடி, ஒரு சாக்கடையும் வேகவதியில் கலவாமல் தடுப்பதை முதற் கடமையாகக் கொள்ள வேண்டும். ஆற்றின் எல்லையைப் பழைய சர்வே கணக்குப்படி அளந்து கல் நாட்டி, அந்தக் கணக்கை ஜனங்கள் அறியப் பிரசுரிக்க வேண்டும். கரையைவிட்டுப் பெயரும் நெசவாளருக்குத் தரைவீடும் தறிக்கூடமும், தறிகளுக்கு அருகிலேயே, முதலில் கட்டிக் கொடுத்துவிட்டுப் பிறகே பெயரச் சொல்ல வேண்டும். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 2005-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டையும் காகிதத்தில் வைத்திராமல் கடைத்தெருவில் அமல் செய்ய வேண்டும். விசைத்தறித் துணி காஞ்சிப் பெயரைச் சூடி விற்கப்படும் வரையில், கோர்வை நெய்பவனுக்கு உதவியாள் கிடைக்கமாட்டான்.

மாலையில் ஓரிக்கையைக் கடந்து பாலாற்றங்கரைக்கு வந்தோம். சீடனாகிய கணிகண்ணனை அரசன் நாடு கடத்தியபோது திருமழிசையாழ்வாரும் உடன் புறப்பட்டார். ஆழ்வார் சொற்படி திருவெஃகாவுப் பெருமாளும் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு நகரைவிட்டுப் பின்சென்றார். ஓர் இரவு அவர்கள் தங்கியிருந்த இடமே ஓரிக்கை என்பார்கள். நகரம் இருளடைந்தது, அரசன் மன்னிப்புக் கேட்டான், எல்லோரும் திரும்பினர். அநியாயம் நடந்த ஊரில் தெய்வமும் தங்காது என்பதைத் தவிர இக்கதைக்கு வேறு பொருள் என்ன?

பாலாறு 348 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலை அடைகிறது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தையும் கடந்து நம்மிடம் வரும் ஆறு அது. நாம் சென்ற மாலையில் அகன்ற மணற்பரப்பின் நடுவே மெல்லிய நீர்க்கோடு ஒன்று கிடந்தது. சிறுவர் சிலர் அதில் கால் நனைத்து விளையாடினர். அவர்களிடம் ஆற்றின் பெயரைக் கேட்டோம், சரியாகச் சொன்னார்கள். அது நமக்குச் சிறிது தைரியம் தந்தது.

இரவு ரயிலில் திரும்பும்போது நாம் எண்ணியது இது. தேசத் தொண்டு செய்ய முன்வரும் ஒவ்வோர் இளைஞனும் ஆண்டில் ஒரு நாளேனும் தான் அறியாத ஓர் ஊருக்குத் தனியே போக வேண்டும். மாலை வேண்டாம், வரவேற்பு வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். அவ்வூரின் ஆற்றையோ ஏரியையோ கடற்கரையையோ விசாரித்து, அதன் கரையோடு நடக்க வேண்டும். எவ்வூரிலும் ஏழை ஒதுக்கப்பட்டிருப்பது நீர்க்கரையில். ஊரார் தங்கள் அழுக்கைத் தள்ளுவதும் நீர்க்கரையில். முன்னோரின் பெருமை கிடப்பதும் நீர்க்கரையில். அங்கே நடந்து வந்தவனுக்கு, அவ்வூரைப்பற்றி மேடையில் என்ன பேச வேண்டும் என்று பிறர் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் பத்திரிகையின் காரியாலயத்தில் இனி இதனை ஒரு வழக்கமாகக் கொள்ள முடிவு செய்திருக்கிறோம். வேகவதியைப் பார்க்க மழைக்காலத்தில் மறுபடியும் செல்வோம். அப்போது பெரியவரின் தறிக்குழியில் தண்ணீர் நின்றதா, ஆற்றில் தண்ணீர் ஓடிற்றா என்பதை இதே பத்தியில் நேயர்களுக்கு அறிவிப்போம்.